ஆணிப் படுக்கையிலிருந்து நான்கு கம்பிகளுக்கு

வானொலிப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? உள்ளே ஒரு பலகையில் செப்புக் கோடுகள் ஓடுவதைக் காண்பீர்கள். அதுவே அச்சிட்ட மின்சுற்றுப் பலகை. 1936-ஆம் ஆண்டளவில் லண்டனில் பால் ஐஸ்லர் இம்முறைக்கு வழி வகுத்தார்.

பற்றாசு ஒரு துளி வழிந்து அடுத்த கோட்டைத் தொட்டால் குறுக்குச் சுற்று ஏற்படும். ஓரிடத்தில் ஒட்டாமற்போனால் கோடு அறுந்ததற்குச் சமம். நூற்றுக்கணக்கான கோடுகளில் பழுது எங்கே என்று அறிவது எப்படி?

1970-களில் இதற்குக் கைகொடுத்தது ‘ஆணிப் படுக்கை’. ஸ்பிரிங் பொருத்திய நூற்றுக்கணக்கான ஊசிகள் பலகையின் அடிப்புறத்தை அழுத்தும். ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியே அளக்கலாம். அக்காலச் சில்லுகளின் கால்கள் 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் பலகையைத் துளைத்து மறுபுறம் வந்தன. ஆகவே ஊசிக்கு இடம் இருந்தது.

1980-களில் நிலைமை மாறியது. சில்லுகள் துளையின்றிப் பலகையின் மேற்பரப்பிலேயே ஒட்டப்பட்டன. கால்களின் இடைவெளி 1.27 மில்லிமீட்டராகவும், பின்னர் அதனினும் குறைவாகவும் சுருங்கியது. கோடுகள் பல அடுக்குகளுக்குள் மறைந்தன. பழுதைக் கண்டறிய முடியாத பலகையைச் செப்பனிடவும் முடியாதல்லவா?

1985-இல் ஐரோப்பிய மின்னணு நிறுவனங்கள் சில ஒன்றுகூடின. பின்னர் வட அமெரிக்க நிறுவனங்களும் சேர்ந்தன. ‘ஜேடேக்’ எனப்பட்ட இக்குழுவின் கருத்து எளியது: ஊசியைச் சில்லுக்குள்ளேயே வைத்துவிடுவோம்! ஒவ்வொரு காலுக்கருகிலும் ஒரு சிறு நினைவறை. அறைகள் யாவும் சங்கிலியாக இணைந்திருக்கும். நான்கே கம்பிகள் போதும்: செய்தி உள்ளே செல்ல ஒன்று, வெளியே வர ஒன்று, துடிப்புக்கு ஒன்று, கட்டுப்பாட்டுக்கு ஒன்று.

இதற்காக ஒவ்வொரு நிறுவனமும் தன் சில்லில் சிறிது இடத்தைத் தியாகம் செய்ய வேண்டும். போட்டியாளர்கள் ஒரே முறைக்கு இணங்கினால்தான் சங்கிலி முழுமை பெறும். அவர்கள் இணங்கினர். 1990-இல் அது ஐ.இ.இ.இ. 1149.1 என்னும் தர விதியாயிற்று.

இனி ஒரு கணக்கு. 1000 கோடுகளைச் சோதிக்க எத்தனை சுற்றுகள் தேவை? பத்தே போதும்! ஒவ்வொரு கோட்டுக்கும் வெவ்வேறான பத்திலக்க இரும எண் ஒன்றைக் கொடுத்து, சுற்றுக்கு ஓர் இலக்கமாக அனுப்புங்கள். ஒட்டிக்கொண்ட இரு கோடுகள் ஒரே எண்ணைக் காட்டும். அறுந்த கோடு எல்லாம் 0 அல்லது எல்லாம் 1 என்று காட்டும். அவ்விரண்டையும் ஒதுக்கினாலும் 1022 எண்கள் எஞ்சும்.

மின்தடை, மின்தேக்கி போன்ற உறுப்புகளை அளக்க ஆணிப் படுக்கை இன்றும் பயன்படுகிறது. ஆனால் ஒன்று உறுதியாயிற்று: பலகையைச் செய்து முடித்த பிறகு சோதனையைப் பற்றி எண்ணினால் காலங்கடந்துவிடும். வரைபடம் தீட்டும்போதே அதற்கும் இடம் ஒதுக்க வேண்டும்.