தந்தப் பிடிலும் தோல் பாஞ்சோவும்

இசைக்கருவிகளும் நம்மைப் போன்றே ஓரூரில் பிறந்து வேற்றூரில் குடியேறும் இயல்பின. கல்லாற்று நீரோசை கேட்டு வாழும் நாம், இங்கிருந்து மலையிறங்கினால் சென்றடையும் திருவனந்தபுரத்திலேயே இதற்குச் சான்று காணலாம்.

1834ஆம் ஆண்டில் சுவாதித் திருநாள் மகாராஜா, தம் அவைக் கலைஞர் ஒருவருக்கு யானைத் தந்தத்தாலான பிடில் ஒன்றைப் பரிசளித்தார். பெற்றவர் தஞ்சையிலிருந்து வந்த வடிவேலர்; சின்னையா, பொன்னையா, சிவானந்தம் ஆகியோரின் இளவல்.

அயல்நாட்டுக் கருவியை அவர் எங்ஙனம் பயின்றார்? ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் என்று எழுதுவோர் உளர். பாதிரியார் மறைந்தது 1798. வடிவேலர் பிறந்தது 1810. நாள்தோறும் கணக்கொப்பிக்கும் இரயில்வே குமாஸ்தாவாகிய எனக்கு இவ்விரண்டும் ஒட்டவில்லை. நால்வரும் முத்துசாமி தீட்சிதரின் மாணாக்கர். தீட்சிதரின் தம்பி பாலுசாமியோ சென்னையில் ஐரோப்பியர் ஒருவரிடம் மூன்றாண்டு பிடில் கற்றவர். தீட்சிதர் குடும்பத்தின் வழியே அக்கலை வடிவேலரை எட்டியிருக்கும் என்பது என் கருத்து.

மேனாட்டார் நின்று வாசித்ததை நம்மவர் தரையில் அமர்ந்து வாசித்தனர். நுனி வலப்பாதத்தில் ஊன்றும். மறுமுனை தோளருகே பதியும். இதனால் கருவியைத் தாங்கும் வேலை இடக்கைக்கு இல்லை. விரல் தந்தியின்மேல் தடையின்றி வழுக்க, கமகம் பிறந்தது! நான்கு தந்திகளும் ச, ப, ச, ப என மாற்றிச் சுருதி கூட்டப்பட்டன.

இச்செய்தி, அமெரிக்கப் பாஞ்சோவைக் கேட்டு ஆசைப்படும் இந்நாளைப் பிள்ளைகளுக்கும் பயன்படும். (நம் பக்கத்தில் விசைகளை அழுத்தி வாசிக்கும் புல்புல்தாராவையே பாஞ்சோ என்பர், அது வேறு.) ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கொண்டுசெல்லப்பட்டோர், சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திச் செய்த வாத்தியங்களின் வழிவந்தது பாஞ்சோ. அதன் ஐந்தாம் தந்தி குட்டையானது. இடையிடையே ஒலித்துச் சுருதி காக்கும். வீணையின் பக்கத் தந்திகளை அறிந்தவருக்கு இது புதிதன்று. புளூகிராஸ் முறையில் வழக்கமான சுருதியோ பஞ்சமம், ஷட்ஜம், காந்தாரம், பஞ்சமம். குட்டைத் தந்தி மேல் ஷட்ஜம்.

1945 டிசம்பரில் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த எர்ல் ஸ்க்ரக்ஸ், கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றால் சுழற்றி வாசித்த முறையே புளூகிராஸுக்கு உருவளித்தது. எட்டு ஒலி கொண்ட அச்சுழற்சிகளே தொடக்கநிலையினரின் பாடம். நம் சரளிவரிசை போன்றவை அவை. முதற்காலம் பிசகற வாராமல் மூன்றாங்காலத்திற்குத் தாவும் பிள்ளையின் விரல், பிசகையே பழகிக்கொள்ளும். மெதுவாய், ஒவ்வோர் ஒலியும் ஒரே இடைவெளியில் விழுமாறு சாதகம் செய்தல் வேண்டும். வேகம் தானே வரும். வாயால் பாட வாராத வரிசை விரலிலும் வாராது என்பதையும் சேர்த்துக்கொள்க.

ஸ்க்ரக்ஸ் சிறுவனாயிருந்தபோது, அவரும் அண்ணன் ஹோரேஸும் ஒரு பாட்டைச் சேர்ந்து தொடங்குவராம். வாசித்தபடியே எதிரெதிர்த் திசையில் வீட்டைச் சுற்றி நடப்பர். மீண்டும் சந்திக்கும்போது தாளம் பொருந்தியிருக்கிறதா என்று பார்ப்பர். நம் மலைச்சரிவில் அங்ஙனம் நடந்தால் கருவியோடு உருள நேரும். உட்கார்ந்தே செய்யலாம்: அண்ணன் ஆதிதாளத்தின் எட்டு அட்சரத்தையும் கையில் போடட்டும், தம்பி அட்சரத்துக்கோர் ஒலியாகச் சுழற்சியை மீட்டட்டும்.