தூரத்துக்கு ஒரு பிடி: கோல்ஃப் பட்டிங்கில் கைகளின் பணிப்பகிர்வு

பந்தைக் குழிக்குள் உருட்டப் பயன்படும் மட்டையான பட்டரை எப்படிப் பிடிப்பது என்பதை கோல்ஃப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் ஆட்டக்காரரின் வசதிக்கே விட்டுவிடுகிறார்கள். கூடவே, ஒரு பிடியைத் தேர்ந்தபின் எல்லா அடிகளுக்கும் அதையே கைக்கொள்ள வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறார்கள். இந்த இரண்டாவது அறிவுரை ஆய்வுக்கு நிற்காது என்பதே இக்கட்டுரையின் வாதம். குறுந்தூர அடியும் நெடுந்தூர அடியும் கைகளிடம் வெவ்வேறு திறன்களைக் கோருகின்றன. எனவே தூரத்துக்கேற்ப இரண்டு பிடிகளைக் கையாள்வது முறையான தேர்வே.

குழியின் விட்டம் 108 மி.மீ. பத்தடி தூரத்திலிருந்து மெல்ல உருண்டு வரும் பந்து அதில் விழ வேண்டுமானால், திசைப் பிழை இருபுறமும் ஏறத்தாழ 1 டிகிரிக்குள் அடங்க வேண்டும். அந்தத் திசையைப் பெருமளவு தீர்மானிப்பது, பந்தைத் தொடும் கணத்தில் பட்டரின் முகம் எங்கே பார்க்கிறது என்பதுதான். வலக்கை ஆட்டக்காரர்களிடம் அந்த முகத்தைத் திருப்பிவிடுவது பெரும்பாலும் கீழே இருக்கும் வலக்கை. நாற்பதடியிலோ கவலை வேறு: பந்து குழியருகே நிற்குமா, ஆறடி தாண்டி ஓடுமா? அங்கே வேகத்தை அளந்து கொடுப்பதும் அதே வலக்கையின் விரலுணர்வுதான். கிட்டத்தில் இடைஞ்சலாக இருக்கும் கை எட்டத்தில் துணையாகிறது.

வழக்கிலுள்ள பிடிகளை இந்தக் கண்கொண்டே வகைப்படுத்தலாம். இடக்கைச் சுட்டுவிரல் வலக்கை விரல்களின்மேல் படியும் ரிவர்ஸ் ஓவர்லாப் பிடி, வலக்கைக்கு முழு உரிமை தருகிறது. இடக்கையைக் கீழே இறக்கும் கிராஸ் ஹேண்டட் பிடி, வலக்கையை மேலே ஏற்றி அதன் ஆதிக்கத்தைக் குறைக்கிறது. கிளா பிடியில் வலது உள்ளங்கை தண்டைச் சுற்றுவதே இல்லை. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தண்டு அமர்கிறது.

இதற்கு ஜெர்மானியரான பெர்ன்ஹார்ட் லாங்கரைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. தன்னையறியாமல் மணிக்கட்டு வெட்டி இழுக்கும் யிப்ஸ் அவரை மீண்டும் மீண்டும் பீடித்தது. 1985இல் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றபோது, நெடிய அடிகளுக்கு வழக்கமான பிடியையும் குட்டை அடிகளுக்கு கிராஸ் ஹேண்டட் பிடியையும் கையாண்டார். பின்னர் அந்த நோய் திரும்பியது. அப்போது அவர் வகுத்துக்கொண்ட பிடி விநோதமானது: இடக்கை தண்டில் வெகு கீழே பிடிக்கும், தண்டின் மேற்பகுதி இடது முன்கையின் உட்புறத்தோடு ஒட்டிக் கிடக்கும், வலக்கை அந்த இரண்டையும் சேர்த்து இறுக்கும். மணிக்கட்டுக்கு மடங்க இடமே இராது. 1991இல் கியாவா தீவில் நடந்த ரைடர் கோப்பையின் கடைசிக் குழியில் அவர் தவறவிட்ட ஆறடி அடியைக் காட்டி இந்தப் பிடியைக் குறைசொல்வோர் உண்டு. ஆனால் அடுத்த வாரமே ஜெர்மன் மாஸ்டர்ஸைக் கைப்பற்றினார். 1993இல் இதே பிடியோடு மாஸ்டர்ஸை இரண்டாம் முறை வென்றார். ஒரேயோர் அடியை வைத்து ஒரு பிடியை எடைபோடுவது எவ்வளவு பிழை!

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும்: புதுப்பிடி பலன் தருவது அது புதிது என்பதால்தான், பழகியபின் பழைய துடிப்பு திரும்பிவிடும். இதில் உண்மை உண்டு. லாங்கரே பின்னாளில் நீண்ட பட்டருக்கு மாறினார். ஆனால் இந்த மறுப்பு யிப்ஸ் கண்டவர்களுக்கே பொருந்தும். அமெரிக்க ஆட்டக்காரர் ஸ்காட்டி ஷெஃப்லர் 2024 இறுதியில் கிளா பிடியை ஏற்றபோதும் நெடிய அடிகளுக்கு வழக்கமான பிடியைக் கைவிடவில்லை. புதுமை ஒன்றே காரணமாயின், தூரத்தைப் பார்த்துப் பிரிக்க அவருக்குத் தேவையே இருந்திராது.

விதிகளும் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. 2016 முதல் பட்டரை மார்பிலோ வயிற்றிலோ ஊன்றி அடிப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. முன்கையோடு சேர்த்துப் பிடிக்கத் தடையில்லை. அமெரிக்க ஆட்டக்காரர் பிரைசன் டிஷாம்போ 2020 யு.எஸ். ஓபனை அவ்வாறு ஆடியே வென்றார். ஒரே சுற்றில் பிடியை மாற்றிக்கொள்வதற்கும் தடையில்லை. ஆகவே பயிற்சியாளர் முதலில் கவனிக்க வேண்டியது, மாணவரின் குட்டை அடிகள் எந்தப் பக்கம் விலகுகின்றன, நெடிய அடிகள் எவ்வளவு முன்னோ பின்னோ நிற்கின்றன என்பதைத்தான். இவ்விரண்டையும் தனித்தனியே குறித்துவைத்த பிறகே பிடியைப் பற்றிய பேச்சு தொடங்க வேண்டும்.