பீட்டில் காரின் பின்கண்ணாடியும் ஒரு ரப்பர் வளையமும்

ராத்திரி நல்ல மழை. காலையில் பழைய காரின் கதவைத் திறந்தால் குப்பென்று ஒரு ஈர நாற்றம். பின் சீட் ஊறிப்போயிருக்கிறது. கூரையில் ஓட்டை இல்லை, கதவும் சரியாகத்தான் மூடியிருந்தது. அப்படியானால் தண்ணீர் எந்த வழியாக வந்தது?

பல நேரங்களில் பதில் பின்கண்ணாடியில் இருக்கிறது. கண்ணாடி உடைந்திருக்காது. அதைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்து, கண்ணாடி லூசாகியிருக்கும். நம் ஊர்ப் பட்டறைகளில் இந்த ரப்பரை 'பீடிங்' என்பார்கள். பார்க்க அற்பமான பொருள். ஆனால் இதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதைச் சொல்ல வோக்ஸ்வேகன் பீட்டிலை விடப் பொருத்தமான கார் கிடைக்காது.

இரண்டு துண்டுக் கண்ணாடி

ஃபெர்டினாண்ட் போர்ஷே வடிவமைத்த இந்தக் காருக்காக 1938-ல் ஜெர்மனியில் தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பிறகு உலகப்போர் வந்துவிட்டது. பொதுமக்களுக்கான கார் உற்பத்தி சூடுபிடித்தது 1945-க்குப் பிறகுதான். அப்போது தொழிற்சாலை பிரிட்டிஷ் ராணுவத்தின் கையில் இருந்தது. ஐவன் ஹர்ஸ்ட் என்ற மேஜர்தான் அதை மறுபடி ஓடவைத்தார்.

அந்தக் காலத்து பீட்டிலின் பின்கண்ணாடி இரண்டு சின்னத் துண்டுகளாக இருந்தது. நடுவில் தகரத்தால் ஆன ஒரு தண்டு. காரின் முதுகு வளைவானது. வளைந்த பெரிய கண்ணாடியைச் செய்வது அன்று செலவு பிடித்த வேலை. இரண்டு சிறிய துண்டுகள் என்றால் மலிவு. ஆனால் பின்னால் வரும் வண்டி ஓட்டுனருக்குச் சரியாகத் தெரியாது.

1953 மார்ச் 10 அன்று நடுத்தண்டு போனது. முட்டை வடிவில் ஒரே கண்ணாடி வந்தது. 1957-ல் அதுவும் போய் அகலமான செவ்வகக் கண்ணாடி வந்தது. 1964-லும் 1971-லும் இன்னும் கொஞ்சம் பெரிதானது.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. 1953-க்குப் பிறகு, பழைய கார் வைத்திருந்த சிலருக்குத் தங்கள் வண்டி பழசு என்று ஊருக்குத் தெரிவதில் வெட்கம். பட்டறைக்குப் போய் நடுத்தண்டை வெட்டி எடுத்துவிட்டு ஒரே கண்ணாடியை மாட்டிக்கொண்டார்கள். கார் புதுசு மாதிரி ஆனது! இன்றைக்கு உலகம் முழுக்க பழைய கார் சேகரிப்பவர்கள் தேடி அலைவது அந்த நடுத்தண்டு உள்ள பீட்டிலைத்தான். வெட்டப்படாத வண்டிக்கு விலை எங்கேயோ போய்விட்டது. வெட்டியவர்கள் காசு கொடுத்துத் தங்கள் சொத்தின் மதிப்பைக் குறைத்துக்கொண்டார்கள்.

ரப்பர் செய்யும் வேலை

கண்ணாடி இத்தனை முறை மாறினாலும் அதைப் பிடித்திருந்த முறை மட்டும் மாறவில்லை. கண்ணாடிக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு ரப்பர் வளையம். அதில் இரண்டு பள்ளங்கள். உள்பக்கப் பள்ளத்தில் கண்ணாடியின் விளிம்பு உட்காரும். வெளிப்பக்கப் பள்ளம் பாடியின் தகர விளிம்பைக் கவ்விக்கொள்ளும். பசை, ஸ்க்ரூ எதுவும் கிடையாது. அம்பாசிடர் காரிலும் இதே தத்துவம்தான்.

மாட்டும் விதம் அழகானது. முதலில் ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்ட வேண்டும். வெளிப்பள்ளத்துக்குள் சுற்றிலும் ஒரு கயிற்றை வைத்து, அதன் இரண்டு முனைகளையும் கீழே உள்பக்கமாகத் தொங்கவிட வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடியை வெளியிலிருந்து பொருத்த வேண்டும். ஒருவர் வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, இன்னொருவர் காருக்குள் உட்கார்ந்து கயிற்றை மெதுவாக இழுப்பார். கயிறு வெளியே வர வர, ரப்பரின் உதடு தகரத்தைத் தாண்டி உள்ளே விழுந்துகொண்டே போகும். இரண்டு ஆள், ஒரு கயிறு, கொஞ்சம் சோப்பு. அவ்வளவுதான்!

ஆனால் ரப்பருக்கு ஆயுள் உண்டு. வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் அதைக் கெட்டியாக்கும். சுருங்கும், மூலைகளில் வெடிக்கும். கண்ணாடி லூசாகி கடகடவென்று ஆடும். மழை நீர் அந்த இடுக்கில் புகுந்து, ரப்பருக்கு அடியில் மறைந்திருக்கும் தகர விளிம்பில் தங்கும். துரு பிடிக்கும். துரு பிடித்த தகரம் உப்பும், ரப்பரை இன்னும் தள்ளிவிடும், மேலும் தண்ணீர் வரும். பீட்டிலில் பின் சீட்டுக்கு அடியில்தான் பேட்டரி இருக்கிறது. தண்ணீர் அதுவரை இறங்கினால் தரைத் தகரமும் காலி.

இந்த நிலையில் பலர் செய்யும் தவறு, கடையில் ஒரு சிலிக்கான் டியூப் வாங்கி விளிம்பெல்லாம் பூசுவது. வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். பெயிண்ட் போன தகரத்துக்கு அது விஷம். வெளியே அடைத்த மாதிரி தெரியும், உள்ளே துரு வேகமாக வளரும். ரப்பர் இன்னும் மெதுவாக இருந்தால், இறுகிப்போகாத வகை சீலன்டை ரப்பரின் உதட்டுக்கு அடியில் செலுத்தலாம். கெட்டியாகிவிட்டால் கண்ணாடியைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்து, புது ரப்பர் போடுவதுதான் வழி. கழற்றும்போது ஜாக்கிரதை. பின்கண்ணாடி சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்த டஃபன்டு வகை என்றால் ஓரத்தில் ஒரு அடி பட்டாலே முழுதும் பொடிப்பொடியாகிவிடும்.

கட்டிடத்துக்குப் போன ரப்பர்

1930-ல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியில் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் கண்டுபிடிக்கப்பட்டது. இயற்கை ரப்பரை விட வெயிலைத் தாங்கும். ஜெனரல் மோட்டார்ஸ் மிச்சிகனில் கட்டிய தொழில்நுட்ப மையம் 1956-ல் திறக்கப்பட்டது. கட்டிடக்கலைஞர் ஈரோ சாரினென். கார் கண்ணாடியைப் பிடிக்கும் ரப்பர் முறையையே அங்கே கட்டிடத்தின் கண்ணாடிச் சுவருக்கும் பயன்படுத்தினார்கள். இன்று நகரங்களில் பார்க்கும் கண்ணாடிக் கட்டிடங்களுக்கு கார் பட்டறையும் ஒரு பாட்டன்!

பசை வந்தது

ஆனால் கார்களிலேயே இந்த ரப்பரின் காலம் முடியத் தொடங்கியது. காரணம் விபத்துகள். மோதலில் ரப்பர் பிடி விட்டு முன்கண்ணாடி மொத்தமாகக் கழன்றால், உள்ளே இருப்பவர் அந்த வழியாக வெளியே தூக்கி எறியப்படுவார். மோதலில் முன்கண்ணாடி கழன்றுவிடக் கூடாது என்று அமெரிக்க அரசின் விதி 1970-ல் அமலுக்கு வந்தது. கம்பெனிகள் கண்ணாடியைப் பாடியோடு ஒட்ட ஆரம்பித்தன. யூரித்தேன் பசை பரவலானது. கண்ணாடியும் காரின் பலத்தில் ஒரு பங்கானது. ஏர்பேக் வந்த பிறகு, பக்கத்து சீட்டின் ஏர்பேக் சாய்ந்து விரிய அந்தக் கண்ணாடியே சுவராகவும் ஆனது.

இது உயிர்களைக் காப்பாற்றிய மாற்றம். சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்று கைவிட்டுப் போனது. ஒட்டிய கண்ணாடியைக் கழற்ற பசையை அறுக்கும் கம்பி வேண்டும், புதுப் பசை காயும் வரை வண்டியை எடுக்கக் கூடாது, தெரிந்த ஆள்தான் செய்ய வேண்டும். கயிறும் சோப்பும் போதாது.

பீட்டில் மட்டும் கடைசி வரை ரப்பரை விடவில்லை. 2003 ஜூலை 30 அன்று மெக்சிகோவின் பூப்லா தொழிற்சாலையில் கடைசி வண்டி வெளியே வந்தபோது மொத்தக் கணக்கு 2,15,29,464. அதன் பின்கண்ணாடியையும் ஒரு ரப்பர் வளையம்தான் பிடித்திருந்தது.

காரின் மொத்த விலையில் அந்த ரப்பர் ஒரு சிறு துளி. ஆனால் அதைக் காலத்தில் மாற்றாமல் விட்டதால் துருப்பிடித்து பழைய இரும்புக் கடைக்குப் போன வண்டிகள் ஏராளம். தேய்மானம் எவ்வளவு என்று கணக்குப் புத்தகம் வருடா வருடம் எழுதும். அந்தத் தேய்மானம் காரில் எந்த மூலையில் தொடங்குகிறது என்று பார்க்க, மழை விட்டதும் பின் சீட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.