ஊரில் இல்லாதவரின் வாக்கு

2023 பெப்ரவரி 22ஆம் திகதி எங்கட நாட்டில் ஒரு வாக்களிப்பு தொடங்கியிருக்க வேண்டும். மார்ச் 9ஆம் திகதி நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தலுக்கான தபால்மூல வாக்களிப்பு அது. ஆசிரியர்கள், தாதியர்கள், பொலிசார், தேர்தல் கடமைக்குப் போகவிருந்த உத்தியோகத்தர்கள் எண்டு விண்ணப்பித்தவர்களுக்கு மூன்று நாட்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆனால் வாக்குச்சீட்டு வரவில்லை. அச்சடிக்கக் காசு கிடைக்கவில்லை என்றார்கள். முதலில் தபால் வாக்கு நின்றது. அதன் பின்னால் தேர்தலே நின்றது. நாடளாவிய உள்ளூராட்சித் தேர்தல் ஒன்றைக் காண 2025 மே 6 வரை காத்திருக்க வேண்டி வந்தது.

அந்த நாட்களில் எங்களில் பலர் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. "தபால் வாக்குத்தானே, அது கவுண்மேந்து உத்தியோகத்தரின்ர பிரச்சினை" எண்டு கதைத்துவிட்டுப் போனோம். இப்போது பின்னோக்கி வாசித்தால் அது எவ்வளவு பிழையான எண்ணம் என்று தெரிகிறது. வாக்களிப்பு நாளில் ஊரில் நிற்க முடியாத ஒருவரின் வாக்கை ஒரு நாடு என்ன செய்கிறது என்பதை வைத்தே அந்த நாட்டின் தேர்தலை மதிப்பிடலாம். எங்கட வரலாற்றில் அந்த வாக்குக்கு மூன்று விதமான கதி நேர்ந்திருக்கிறது. சிலருடையது முறையாகப் போடப்பட்டது. சிலருடையது வேறு ஆரோ போட்டது. மிச்சப் பேருடையது போடப்படவேயில்லை.

முதலில் முறையாகப் போடப்படும் வாக்கைப் பார்ப்போம். எங்கட உள்ளூராட்சித் தேர்தல்களுக்கு அடித்தளமாக இருப்பது 1946ஆம் ஆண்டின் உள்ளூர் அதிகாரசபைகள் தேர்தல் கட்டளைச் சட்டம். பல தடவை திருத்தப்பட்டாலும் தபால் வாக்கு பற்றிய அதன் அடிப்படை எண்ணம் அதிகம் மாறவில்லை. அரச சேவை, பொலிஸ், முப்படை, புகையிரதம், தபால், பொதுப் போக்குவரத்து போன்ற இடங்களில் கடமை காரணமாகத் தன் வாக்குச்சாவடிக்குப் போக முடியாதவருக்கே அந்த உரிமை. அதாவது, அரசின் வேலையால் இல்லாமல் போனவரை மட்டுமே அரசு "இல்லாதவர்" என ஏற்றுக்கொள்கிறது.

கொழும்பில் கடையில் நிற்கும் ஹற்றன் பெடியன், கட்டுநாயக்கவில் தைக்கும் வவுனியாப் பெட்டை, மஹரகம ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளி, குவைத்தில் வீட்டுவேலை செய்யும் தாய் எல்லாரும் இடாப்பில் பெயர் இருந்தாலும் தபால் வாக்குப் போட முடியாது. தனியார் துறையில் வேலை செய்பவருக்கு லீவு கொடுக்கச் சொல்கிறார்கள். தூரத்தைப் பொறுத்து அரை நாளிலிருந்து இரண்டு நாள் வரை. பஸ் காசையும் அந்த நாளின் மேலதிக வேலைக் கொடுப்பனவையும் அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்கு அதுவும் இல்லை.

தபால் வாக்கு எண்டு பெயர் இருந்தாலும் இங்கே அது வீட்டுக்கு வருவதில்லை. தெரிவத்தாட்சி அலுவலர் வாக்குச்சீட்டைப் பதிவுத்தபாலில் வேலைத்தலத்தின் அத்தாட்சிப்படுத்தும் அலுவலருக்கு அனுப்புவார். குறித்த நாளில் வாக்காளர் அவர் முன்னிலையில் தன்னை அடையாளப்படுத்தி, பிறர் பார்க்காதபடி புள்ளடி இட்டு, உறையில் ஒட்டிக் கொடுக்க வேண்டும். பிறகு அது பதிவுத்தபாலிலேயே திரும்பிப் போகும். ஏன் இவ்வளவு சுற்று எண்டு நாங்களும் கேட்டிருக்கிறோம். அதற்கு நல்ல பதில் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது.

பிரித்தானியாவில் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், காரணம் சொல்லாமலே எவரும் தபால் வாக்குக் கேட்கலாம் என்ற நிலை வந்தது. வாக்குச்சீட்டு நேரே வீட்டுக்கு வரும். 2004 ஜூனில் பர்மிங்ஹாம் மாநகரசபைத் தேர்தல் நடந்தபோது அஸ்ரன், போர்டஸ்லி கிறீன் என்ற இரண்டு வட்டாரங்களில் தபால் வாக்குகள் பெருமளவில் மோசடி செய்யப்பட்டன. ஒரு நள்ளிரவில் பொலிசார் போனபோது, ஒரு களஞ்சியக் கட்டடத்துக்குள் கட்சிக்காரர் தபால் வாக்குச்சீட்டுகளோடு இருந்தார்கள். 2005 ஏப்ரலில் தேர்தல் நீதிபதி றிச்சர்ட் மோறி அந்த இரண்டு வட்டாரங்களின் தேர்தலும் செல்லாதெனத் தீர்த்தார். உள்ளூராட்சித் தேர்தலில் இப்படி நடந்ததில் ஆச்சரியம் இல்லை. வட்டாரம் சின்னது. சில நூறு வாக்குகளைப் புரட்டினால் முடிவு புரளும்.

எங்கட முறையில் சமையலறை மேசையில் வைத்து அடுத்தவரின் சீட்டை நிரப்புவது கடினம். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு. வாக்கு வேலைத்தலத்துக்குள் போடப்படுகிறது. மேலதிகாரி பார்க்கிறாரோ, இடமாற்றம் வருமோ என்ற பயம் இல்லாமல் புள்ளடி இட முடியுமானால்தான் அந்த முறை சரி. களவைத் தடுக்கக் கட்டிய மதிலே வாக்காளரை அடைத்துவிடவும் கூடும்.

இனி இரண்டாவது கதி. கள்ளவோட்டு எண்டவுடன் எங்கட ஊரில் பெரியவர்களுக்கு ஆயிரம் கதை வரும். செத்தவர் வந்து வாக்குப் போட்ட கதை, கனடாவில் இருக்கிறவர் காலமையே வந்து போட்டுவிட்டுப் போன கதை. சிரித்துவிட்டு விடுகிறோம். ஆனால் கள்ளவோட்டுக்கு வேண்டிய மூலப்பொருள் எது எண்டு யோசித்தால் சிரிப்பு நிற்கும். இடாப்பில் பெயர் இருக்க வேண்டும். ஆள் இருக்கக்கூடாது. அவ்வளவுதான். வடக்குக் கிழக்கில் யுத்தம் இந்த மூலப்பொருளை இலட்சக்கணக்கில் உற்பத்தி செய்தது.

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது ஒருசில மணித்தியாலம். பெரும்பாலானோர் புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே நடந்து வெளியேறியது. கொழும்புக்கும், இந்தியாவுக்கும், ஐரோப்பாவுக்கும், கனடாவுக்கும் போனவர்கள் வேறு. ஆட்கள் போனார்கள், பெயர்கள் இடாப்பிலேயே தங்கின. அந்த ஆண்டுகளில் இடாப்பைச் சரிவரத் திருத்த முடியவில்லை.

இதன் விளைவை 1994 பாராளுமன்றத் தேர்தல் காட்டியது. யாழ் மாவட்டத்தில் பதிவு செய்யப்பட்ட வாக்காளர் ஆறு இலட்சத்துக்குக் கிட்ட. வாக்களித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. தீவகத்தில் விழுந்த வாக்குகளை வைத்துப் பத்தாயிரத்துச் சொச்ச வாக்கில் ஈ.பி.டி.பி. ஒன்பது ஆசனம் பெற்றது. மிச்சம் இருந்த ஓர் ஆசனம் இரண்டாயிரத்துச் சொச்ச வாக்கில் முஸ்லிம் காங்கிரசுக்குப் போனது. அந்த ஓர் ஆசனத்தின் பின்னால் இருந்தது வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் வாக்கு. ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர் தன் ஊருக்கு வாக்களிக்க வழி இருந்ததற்கு அது சாட்சி. ஊரிலேயே இருந்த பெரும்பான்மையோருக்கு வழி இல்லாமல் இருந்ததற்கும் அதுவே சாட்சி.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1998 ஜனவரி 29இல், யாழ்ப்பாணத்தில் பதினைந்து ஆண்டுகளின் பின் உள்ளூராட்சித் தேர்தல் வைத்தார்கள். சனத்தில் பெரும்பகுதி இடம்பெயர்ந்திருந்தது. புலிகள் எதிர்த்தார்கள், இராணுவம் தெருவில் நின்றது. அந்தத் தேர்தலில் யாழ் மாநகரசபைக்கு முதல்வரான சரோஜினி யோகேஸ்வரன் அந்த மே மாதமே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் செப்டெம்பரில் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். வாக்காளர் இல்லாத தேர்தல் ஒரு சபையை உருவாக்கலாம், அதற்குக் காவலாகச் சனத்தை நிறுத்த அதனால் முடியாது.

யுத்தம் முடிந்த பின் இடாப்பைத் திருத்தினார்கள். அது செய்ய வேண்டிய வேலைதான். ஆள் இல்லாத பெயரை வைத்திருந்தால் அதை ஆரோ ஒருவர் பாவிப்பார். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2010இல் யாழ் தேர்தல் மாவட்டத்தில் ஏழு இலட்சத்துக்கு மேல் வாக்காளர், ஒன்பது ஆசனம். 2015இல் ஐந்தே கால் இலட்சமளவில் வாக்காளர், ஏழு ஆசனம். இடாப்பு சுத்தமானது, கள்ளவோட்டுக்கு இடம் குறைந்தது. கூடவே, போனவர்கள் இனித் திரும்பி வரமாட்டார்கள் என்ற முடிவும் சத்தமில்லாமல் எழுதப்பட்டது. இதைச் சரி அல்லது பிழை எண்டு ஒரு சொல்லில் சொல்ல எங்களால் முடியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் உண்மை. இடம்பெயர்ந்தோர் தங்கள் பழைய இடத்தில் பதிந்துகொள்ள 2013இல் ஒரு சிறப்பு ஏற்பாட்டுச் சட்டம் வந்தது. ஆனால் பெயர் ஓரிடத்திலும் வாழ்க்கை வேறிடத்திலும் இருக்கும் சிக்கல் தீரவில்லை. 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாள். புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன முஸ்லிம்களின் பஸ்களை தந்திரிமலையில் மறித்துச் சுட்டார்கள், கல் எறிந்தார்கள். வெளியேற்றப்பட்டு 29 ஆண்டுகளுக்குப் பிறகும், ஒரு புள்ளடிக்காக அவர்கள் இரவோடிரவாகப் பயணம் செய்ய வேண்டியிருந்தது.

மூன்றாவது கதிதான் எங்கட தலைமுறை கண்ணால் கண்டது. புதுக்குடியிருப்பு, கரைத்துறைப்பற்று பிரதேச சபைகளுக்கு 2011இல் நடக்க வேண்டிய தேர்தல் தள்ளித்தள்ளி 2018 பெப்ரவரி 10இல்தான் நடந்தது. அப்போது அது முல்லைத்தீவுக்காரரின் துயரம். 2023இல் முழு நாட்டுக்கும் வந்தது. வரவுசெலவுத் திட்டத்தில் தேர்தலுக்கு ஆயிரம் கோடி ரூபா ஒதுக்கியிருந்தும் திறைசேரி காசை விடவில்லை. தள்ளிப்போட ஒரு தேர்தலே இல்லை என்ற பொருளில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க பாராளுமன்றத்தில் பேசினார். ஒதுக்கிய காசைத் தடுக்க வேண்டாம் என மார்ச் 3இல் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு இட்டது. அப்படியும் நடக்கவில்லை. மார்ச் 19 நள்ளிரவோடு சபைகளின் காலம் முடிந்து, அதிகாரம் செயலாளர்களிடமும் ஆணையாளர்களிடமும் போனது. தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என ஐந்து நீதியரசர்கள் தீர்ப்பளித்தது 2024 ஓகஸ்ற் 22இல்.

எந்த வாக்கில் முதலில் கை வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். தபால் வாக்கில். நாட்காட்டியில் அதுதான் முதலில் வருகிறது. அதற்கான சீட்டை அச்சடிக்காமல் விட்டால் மிச்சம் தானாக நிற்கும். பெட்டி தூக்க வேண்டியதில்லை, சாவடியில் ஆரையும் அடிக்க வேண்டியதில்லை. 1981 ஜூனில் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலின்போது, நூலகம் எரிந்த அதே வாரத்தில், யாழ்ப்பாணத்தில் வாக்குப்பெட்டிகள் காணாமல் போயின. 2023இல் வாக்குப்பெட்டி திறக்கப்படவே இல்லை. இரண்டாவது மிகவும் மலிவானது.

ஆகவே தேர்தல் நேர்மை எண்டால் கள்ளவோட்டைப் பிடிப்பது மட்டும் எண்டு நாங்கள் இனி நினைக்கப் போவதில்லை. ஊரில் இல்லாதவரின் வாக்கை வேறொருவர் போடுவது களவு. அவர் போட வழியே வைக்காமல் விடுவதும் களவுதான், கணக்கில் வராத களவு. கட்டுநாயக்கவில் வேலை செய்பவர் அங்கேயே ஒரு முன்கூட்டிய வாக்குச்சாவடியில் தன் பிரதேச சபைக்கு வாக்களிக்க முடிந்தால், பர்மிங்ஹாம் பயமும் இல்லை, பஸ் காசும் இல்லை. தேர்தல் அலுவலர் முன்னிலையில், மேலதிகாரி இல்லாத இடத்தில் அதைச் செய்யலாம். கேட்க வேண்டியது இதைத்தான்.

அதுவரைக்கும் எங்கட கையில் இருப்பது சின்ன வேலைகள். இந்த ஆண்டு இடாப்புத் திருத்தத்துக்கு கிராம அலுவலர் வரும்போது வீட்டில் ஆர் இருக்கிறார், ஆர் இல்லை எண்டு சரியாகச் சொல்லுவோம். பெயர்ப்பட்டியலை வைக்கும்போது போய்ப் பார்ப்போம். வாக்களிப்பு நாளில் உங்கட பெயரில் வேறு ஆரோ போட்டுவிட்டதாகச் சொன்னால், பேசாமல் வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். சாவடிப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். உங்களுக்கு வேறொரு சீட்டுத் தர வேண்டும் எண்டு சட்டம் இருக்கிறது. அது பெட்டிக்குள் போகாது, எண்ணப்படாது. ஆனால் அன்றைக்கு நீங்கள் ஊரில் இருந்தீர்கள் என்பதற்கு அது ஒரு கடுதாசிச் சாட்சி.