நான்கு மணி நேரமும் ஏழு நாளும்



போன வாரம் சிங்கப்பூரிலிருந்து என் மகள் வந்தாள். காலையில் அங்கே விமானம் ஏறியவள், மதியச் சாப்பாட்டுக்குக் காரைக்குடி வீட்டில் இருந்தாள். திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் நேர்கோட்டில் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். பறக்கும் நேரம் சுமார் 4 மணி. "கால் நீட்ட இடமில்லப்பா, அலுத்துப்போச்சு" என்றாள். எனக்கு என் அப்பாவின் நினைவு வந்தது.

அப்பா சிங்கப்பூரில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் கணக்கு எழுதினார். நம் பக்கத்தில் இதைக் 'கொண்டுவிக்கப் போறது' என்பார்கள். போனால் மூன்று ஆண்டு கழித்துத்தான் ஊர் திரும்புவது வழக்கம். அவர் போனது 'ரஜூலா' கப்பலில். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போகும். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், படகில் போய் ஏற வேண்டும். பிறகு ஏழு நாள் டெக்கில் பாய் விரித்துப் படுக்கை.

மாணவர்களே, ஒரு சின்னக் கணக்கு. ஏழு நாள் என்றால் 168 மணி. அதை 4ஆல் வகுத்தால் 42. தூரம் அதேதான், நேரம் 42இல் ஒரு பங்காகிவிட்டது.

அந்தக் கப்பலும் இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1941 டிசம்பர் 23இல் ஜப்பான் ரங்கூன்மேல் குண்டு போட்டது. 1942 மார்ச்சில் நகரமே விழுந்தது. கப்பலில் சில நாளில் வந்துவிடும் தூரத்தை, அரக்கான் வழியாகவும் அஸ்ஸாம் வழியாகவும் லட்சக்கணக்கான நம் மக்கள் வாரக்கணக்கில் நடந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் மாண்டவர்கள் பல ஆயிரம்.

1966இல் நான் மூன்றாம் வகுப்பு. அப்பத்தா இறந்துபோனார். அப்பாவுக்குத் தந்தி போனது. விமானம் அப்போதும் இருந்தது, டிக்கெட் எடுக்கும் வசதி எங்களுக்கு இல்லை. அடுத்த கப்பலுக்குக் காத்திருந்து அவர் வந்து சேர்ந்தபோது கருமாதி முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. கொள்ளி வைத்தது சித்தப்பா. அப்பா திண்ணையில் உட்கார்ந்து, "ஆத்தா கடைசியா என்ன கேட்டுச்சு?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். "உன்னயத்தான் கேட்டுச்சு" என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருக்க மாட்டார்.

மகளிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அடுத்த தடவை தீபாவளிக்கும் வர்றேன்பா" என்றாள்.

உங்கள் வீட்டு மரப்பெட்டியிலும் பழைய கப்பல் சீட்டு, கடிதம், தந்தி இருக்கும். கரையான் அரிக்கும் முன் எடுத்துப் படம் பிடித்து வையுங்கள். பேரப்பிள்ளைகளிடம் கதையையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்