உடலிற் குடியிருக்கும் மருந்து

புத்தளத்துக் களப்போரத்தில் வெயில் ஏற ஏற உப்பு விளைகிறது; அதனை வாரும் தொழிலாளியின் தோலும் அதே வெயிலிற் கருகுகிறது. உண்ணும் உப்பில் அயடீன் சேர்ப்பது 1995 முதல் இலங்கையிற் சட்டக் கட்டாயம். ஆயினும், வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அயடீன் 150 மைக்கிரோகிராம் மாத்திரமே. அத்தொழிலாளியின் இதயத்துடிப்பு ஒழுங்கு குலைந்து, வைத்தியர் அமியோடரோன் என்னும் குளிசையை எழுதிக்கொடுத்தால் நிகழ்வது என்ன? 200 மில்லிகிராம் குளிசையொன்றில் ஏறத்தாழ 75 மில்லிகிராம் அயடீன் உண்டு. அதில் நாள்தோறும் சுமார் 6 மில்லிகிராம் உடலில் விடுபடுகிறது. தேவையின் நாற்பது மடங்கு!

இம்மருந்தின் வரலாறு சாதாரண மக்களிடமே தொடங்குகிறது. எகிப்திய மக்கள் சிறுநீர்க்கல் நோய்க்குக் கெல்லாச் செடியின் விதையை நெடுங்காலம் பயன்படுத்தி வந்தனர். 1946இல் கெய்ரோவில், ரஷியாவிற் பிறந்த உடலியலறிஞர் அன்ரெப், தம் ஆய்வுகூட ஊழியர் ஒருவரின் நெஞ்சுவலி அச்செடிச் சத்தாகிய கெலினை உட்கொண்டபின் தணிந்ததைக் கண்டார். கெலினை ஆராய்ந்த வழியில், 1961இல் பெல்ஜியத்து லபாஸ் நிறுவனத்தில் அமியோடரோன் உருவாயிற்று. ஐரோப்பாவில் அது நெஞ்சுவலி மருந்தாகவே விற்பனைக்கு வந்தது. துடிப்பை ஒழுங்குபடுத்தும் அதன் ஆற்றலை 1970இல் ஒக்ஸ்போர்டில் பிரமா சிங்கும் வோன் வில்லியம்சும் வெளிப்படுத்தினர். ஆர்ஜென்டீனாவில் ரோசன்பாம் அதனை நோயாளரிடையே பரவலாகப் பயன்படுத்தினார். அமெரிக்கா 1985இலேயே அனுமதித்தது.

அமியோடரோன் கொழுப்பிற் கரைவது. ஆதலால் இரத்தத்தில் நில்லாது கொழுப்பு, ஈரல், நுரையீரல், தோல் என்பவற்றிற் சென்று சேர்கிறது. இழையங்கள் நிரம்பும்வரை முழுப் பயன் கிடையாது. ஆகவேதான் தொடக்கத்தில் அளவு கூட்டிக் கொடுக்கப்படுகிறது. உட்கொள்வதை நிறுத்தினாலும் அது உடனே அகல்வதில்லை. உடலிலுள்ளதிற் பாதி குறையவே சராசரி இரண்டு மாதங்கள் வரை செல்லும். கண்ணின் கருவிழியிற் படியும் துகள்கள் பெரும்பாலும் தீங்கற்றவை. தைரொயிட் சுரப்பி கெடுதலும், ஈரல் பழுதுறுதலும், நுரையீரல் தழும்பேறுதலும் அத்தகையன அல்ல. வெயில் பட்ட தோல் எரியும். நாளடைவில் நீலச்சாம்பல் நிறம் கொள்ளும். வெயிலே தொழிற்களமான உப்பளத்தாருக்கும் கற்பிட்டி மீனவருக்கும் இஃது அற்ப விடயமா?

எனினும் இம்மருந்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. உயிர்க்கொல்லித் துடிப்புகளை அடக்குவதில் அதன் வல்லமை பெரிது. வைத்தியரைக் கேளாது அதனை நிறுத்துதல் ஆபத்து. நாம் கேட்பது வேறு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைரொயிட், ஈரல் பரிசோதனை வேண்டும். இருமலோ மூச்சிளைப்போ தோன்றின் நெஞ்சுப் படம் வேண்டும். இவற்றுக்காக நாட்கூலியை இழந்து நெடுந்தூரம் செல்லும் ஏழை எத்தனை முறை செல்வான்?

1971இல் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் எழுந்தது. வாங்கக்கூடிய விலையில் தேவையான மருந்து மக்களுக்குக் கிடைக்கவேண்டும் என்பதே அவர் கொள்கை. அக்கொள்கையின் மறுபாதி இன்று நம் கடமை. குளிசை ஏழையின் உடலில் மாதக்கணக்கில் தங்குமாயின், அவனைக் கண்காணிக்கும் சமூகப் பொறுப்பும் அத்தனை காலம் தங்கியாக வேண்டும்.