மலாக்கா: ஆற்று வழியும் நாட்டுப்புற வழியும்

மலாக்காவின் வரலாற்றை நாம் பெரும்பாலும் கடற்கரையில் நின்றுகொண்டே படித்திருக்கிறோம். 1511-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் கப்பலேறி வந்தனர். 1641-இல் ஒல்லாந்தர் நகரைக் கைப்பற்றினர். 1824-ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் அது ஆங்கிலேயருக்கு நிலையாக உரிமையாயிற்று. மாணவர் மனப்பாடமாக அறிந்த இவ்வாண்டுகள் யாவும் கடல் கடந்து வந்தவர்களின் ஆண்டுகள். நகரின் முதுகுப்புறத்தே பரந்து கிடந்த வயலையும் காட்டையும், அவற்றை நகரோடு இணைத்த ஆற்றையும் பற்றி நாம் அறிந்தது சிறிதே. அக்குறையைப் போக்கிக்கொள்ள எளியதொரு கருவி உண்டு. அதுவே மிதிவண்டி.

மோட்டார் வண்டியில் விரைவோர்க்கு ஊர்கள் பெயர்ப்பலகைகளாகவே தோன்றி மறையும். நடந்து செல்வோர் நகர எல்லையைக் கடப்பதற்குள் களைத்துவிடுவர். மிதிவண்டியோ ஒரு காலைப் பொழுதில் கழிமுகத்திலிருந்து கம்பத்திற்கும், கம்பத்திலிருந்து தோட்டப்புறத்திற்கும் நம்மைக் கொண்டுசேர்க்கும். வேண்டிய இடத்தில் நிற்கவும் இடந்தரும். மலாக்காவின் நிலமும் பெரும்பாலும் சமவெளியும் சிறு குன்றுகளுமாக அமைந்திருப்பதால், இளையோரும் முதியோரும் அஞ்சாமல் புறப்படலாம். தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நம்மவர் பலருக்கு, பால்மரக் காட்டு வழியே மிதிவண்டி மிதித்துப் பள்ளிக்கும் வேலைக்கும் சென்ற நாள்கள் இன்றும் நினைவில் நிற்கும். அதே வண்டியை இங்கு வரலாற்றுக் கல்விக்கு வழிகாட்டியாகக் கொள்வோம். வழிகள் மூன்று.

முதல் வழி: ஆற்றங்கரை

கழிமுகத்தில் தொடங்கி ஆற்றோரமாகவே கம்போங் மோர்ட்டன் வரையில் செல்லும் இவ்வழி மிகக் குறுகியது. ஆயினும் அரை நாள் செலவிடத்தக்கது. கிழக்குக் கரையில், ஒல்லாந்தர் கட்டிய செந்நிற நகர மாளிகையும், 1753-இல் கட்டி முடிக்கப்பெற்ற கிறிஸ்து தேவாலயமும் நிற்கின்றன. மேற்குக் கரையில் வணிகர்களின் வீதிகள். இரு கரைகளையும் இணைக்கும் பாலத்தின்மேல் வண்டியைச் சற்று நிறுத்துவது நன்று. 1511-ஆம் ஆண்டுப் போரில் அல்புகர்க்கு முதலில் குறிவைத்தது இவ்விடத்திலிருந்த பாலத்தையே. பாலத்தைப் பிடித்தவன் நகரை இரண்டாகப் பிளந்துவிடலாம் என்பதை அவன் அறிந்திருந்தான். சுல்தானின் மலாக்காவுக்கு உயிர்நிலை ஆறே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மேற்குக் கரையின் குறுகிய வீதிகளில், ஒன்றுக்கொன்று அணுக்கமாக மூன்று வழிபாட்டிடங்கள் உள்ளன. 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில், 1748-இல் இந்திய முஸ்லிம் வணிகர் தோற்றுவித்த கம்போங் கெலிங் பள்ளிவாசல், பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்த செங் ஹூன் தெங் சீனக் கோயில் ஆகியவை அவை. விநாயகர் கோயிலுக்குரிய நிலம் ஒல்லாந்தர் ஆட்சியில் தெய்வநாயகம் செட்டியிடம் வழங்கப்பட்டதாகும். அவ்வீதிக்குப் பொற்கொல்லர் வீதி என்று பொருள்படும் மலாய்ப்பெயர் இன்றும் வழங்குகின்றது. இவ்வீதிகளையும் உள்ளடக்கிய பழைய நகரம், பினாங்கின் ஜார்ஜ் டவுனோடு சேர்ந்து 2008-ஆம் ஆண்டில் உலக மரபுடைமையாக அறிவிக்கப்பட்டது.

ஆற்றின் வளைவொன்றில் அமைந்துள்ள கம்போங் மோர்ட்டன், 1920-களில் உருவான மலாய்க் கம்பம். நகரின் நடுவே மரவீடுகளோடு அது இன்றும் வாழ்கின்றது. சற்று அப்பால் காஜா பெராங்கில் மலாக்காச் செட்டிகளின் கம்பம் இருக்கின்றது. தமிழகத்திலிருந்து வந்த வணிகர் இம்மண்ணின் பெண்டிரை மணந்ததால் தோன்றிய சமூகம் இது. பேச்சு மலாய்மொழி, உடையும் உணவும் பெரும்பாலும் மலாய் மரபு, வழிபாடு சைவம். போகி நாளில் முன்னோர்க்குப் படையலிடும் வழக்கத்தை அவர்கள் விடவில்லை. மொழி மறைந்த பின்னும் மரபு எவ்வாறு நிலைக்கின்றது, எவற்றை இழக்கின்றது என்னும் வினா, தமிழ் கற்பிப்போர் ஒவ்வொருவர் நெஞ்சிலும் இங்கே எழாமல் இராது.

இரண்டாம் வழி: குன்றுகள்

இவ்வழி குன்றுகளைச் சுற்றி வருவது. முதலாவது, நகர் நடுவேயுள்ள புனித பவுல் குன்று. அதன் அடிவாரத்தில், போர்த்துக்கீசியக் கோட்டையின் எஞ்சிய வாயில் தனித்து நிற்கின்றது. 1807-இல் ஆங்கிலேயர் அக்கோட்டையை இடித்தனர். ராபிள்ஸ் போன்றோர் தலையிட்டிராவிடில் இந்த வாயிலும் மிஞ்சியிராது என்பர். ஒருகாலத்தில் கடலோரத்தில் நின்ற அவ்வாயிலிலிருந்து இன்று கடலைக் காண இயலாது. கடலை மண்ணிட்டு நிரப்பியதால் கரை வெகுதூரம் விலகிவிட்டது.

அடுத்தது புக்கிட் சீனா. சீனாவுக்கு வெளியேயுள்ள பெரிய சீன இடுகாடுகளுள் ஒன்றாகிய இக்குன்றின் அடியில், ஹாங் லீ போவின் பெயரால் வழங்கும் பழைய கிணறு உண்டு. கடல் சூழ்ந்த நகருக்குக் குடிநீர் தந்தது இக்கிணறு. முற்றுகைக் காலங்களில் எதிரிகள் இதில் நஞ்சிட்டனர் என்றும், பின்னர் ஒல்லாந்தர் இதைச் சுற்றி மதில் எழுப்பினர் என்றும் கூறுவர். சரக்கு கடலிலிருந்து வந்தாலும் நீர் நிலத்திலிருந்தே வரவேண்டும். அங்கே வலுவிழந்தால் கோட்டையால் பயனில்லை.

இதே உண்மையை மூன்றாவது குன்றாகிய புனித ஜான் குன்றும் கூறுகின்றது. ஒல்லாந்தர் கட்டிய சிறு கோட்டை அதன் உச்சியில் உள்ளது. அங்குள்ள பீரங்கிகள் கடலைப் பார்க்கவில்லை, உள்நாட்டைப் பார்க்கின்றன. கடலாதிக்கம் பெற்றிருந்த ஒரு வல்லரசு, தன் முதுகுக்குப் பின்னாலிருந்த நாட்டைக் கண்டு அஞ்சியது. எந்த நாட்டைக் கண்டு அஞ்சியது என அறிய விரும்புவோர், அப்பீரங்கிகள் சுட்டும் பக்கமாகவே வண்டியைத் திருப்ப வேண்டும்.

மூன்றாம் வழி: நானிங்

மலாக்கா ஆறு வடக்கிலிருந்து வருகின்றது. தம்பின் ஆறும் பத்தாங் மலாக்காவும் கூடி அதனை ஆக்குகின்றன. அதன் மேல்நிலப் பகுதியை நாடி, நகரிலிருந்து ஏறத்தாழ 24 கிலோமீட்டர் சென்றால் அலோர் காஜா. அதனினும் வடக்கே சென்றால் தாபோ நானிங். பெருஞ்சாலையில் சரக்குந்துகள் மிகுதியாகையால், கம்பத்துக் கிளைச்சாலைகளே பாதுகாப்பானவை, பார்ப்பதற்கும் இனியவை. பழமரங்களும், பால்மரமும், செம்பனையும், வண்ண ஓடுகள் பதித்த வளைந்த படிக்கட்டுகளையுடைய மலாய் வீடுகளும் வழியெங்கும் காட்சி தரும். அலோர் காஜா வட்டாரத்தின் பல இடங்களில் நிற்கும் தொன்மையான நெடுங்கற்கள், துறைமுகம் தோன்றுவதற்கு முன்னரே இங்கு மக்கள் வாழ்ந்த செய்தியை உணர்த்துகின்றன.

இந்நிலத்தின் தலைவராகிய நானிங் பெங்குலுவிடம் ஒல்லாந்தர் 1641-ஆம் ஆண்டிலேயே ஒப்பந்தம் செய்து, விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கோரினர். நடைமுறையில் அது சிறிய காணிக்கையாகச் சுருங்கியது. 1801-இல் ஆங்கிலேயர் செய்த உடன்படிக்கையின்படி, ஆண்டுக்கு 400 காந்தாங் நெல் கொடுத்தால் போதும் என்றாயிற்று. பின்னர் கிழக்கிந்தியக் கும்பினி பத்தில் ஒரு பங்கை மீண்டும் கேட்டது. பெங்குலு டோல் சைட் மறுத்தார். 1831-இல் சென்ற முதற்படை தோற்றுத் திரும்பியது. மறு ஆண்டு பெரும்படையொன்று, காட்டை இருபுறமும் அகலமாக வெட்டிச் சாலையமைத்துக்கொண்டே மெல்ல மெல்ல முன்னேறி, ஜூன் மாதத்தில் தாபோவைப் பிடித்தது. சில நூறு காந்தாங் நெல்லுக்காகத் தொடங்கிய பூசல், கும்பினிக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பவுன் செலவு வைத்தது.

அப்படையில் வந்தோர் மதராஸ் காலாட்படையினர் என்பதைத் தமிழ் மாணவர் மறத்தலாகாது. தங்களுக்கு யாதொரு தீங்கும் செய்யாத நானிங் உழவர்மீது, அயலார் கருவூலத்திற்காக அவர்கள் ஏவப்பட்டனர். நகரத்துப் பொற்கொல்லர் வீதியில் நாம் பெருமையுறுகிறோம். நானிங் சாலையில் நாணவும் கற்கிறோம். இரண்டும் நம் வரலாறே.

இச்சாலைகள் வேறொரு மிதிவண்டிப் பயணத்தையும் கண்டுள்ளன. 1942-ஆம் ஆண்டு ஜனவரியில் சப்பானியப் படையினர் மலாக்கா வழியாக மூவாரை நோக்கி முன்னேறினர். மலாயாப் படையெடுப்பில் அவர்கள் விரைந்து நகர உதவியவற்றுள் மிதிவண்டியும் ஒன்று. பின்னர், 1905-இல் திறக்கப்பட்ட தம்பின் - மலாக்கா இருப்புப்பாதையை அவர்கள் பெயர்த்தெடுத்து, சயாம் - பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசென்றனர். தண்டவாளம் மட்டுமா சென்றது? மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரும் அங்கே கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். போருக்குப் பின் மலாக்கா நகருக்கு இரயில் திரும்பவில்லை.

ஆசிரியர் கடமை

மாணவர்களை இவ்வழிகளில் அழைத்துச் செல்ல எண்ணும் ஆசிரியர் முதல் இரு வழிகளை ஒரு நாளிலும், மூன்றாம் வழியைத் தனியாக மற்றொரு நாளிலும் வைத்துக்கொள்ளலாம். விடியலில் புறப்பட்டு வெயில் ஏறுமுன் பெரும்பகுதியைக் கடப்பது நன்று. பிற்பகலில் மழையும் இடையூறு செய்யலாம். புறப்படுமுன் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் ஒரு வெள்ளைத்தாளில் ஆற்றை வரைந்து, கண்ட இடங்களை அதன் கரைகளிலும் அப்பாலும் குறித்துவரச் செய்க. கம்பத்து முதியவர்களிடம் ஊர்ப்பெயரின் பொருளைக் கேட்டு எழுதச் செய்க.

அவ்வாறு வரையப்பட்ட படத்தில் கழிமுகம் ஒரு மூலையில் சிறிதாகவும், நாடு பெரிதாகவும் தோன்றும். பாடநூலின் படத்தோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவன், கப்பலில் வந்தவர்களை மட்டுமன்றி, நெல் விளைத்தவர்களையும், நீர் இறைத்தவர்களையும், தண்டவாளத்தோடு போய்த் திரும்பாதவர்களையும் எண்ணத் தொடங்குவான். வரலாற்றுக் கல்வி வேர்கொள்வது அந்த எண்ணத்திலேயாம்.